ஈறு நோய்க்கு லேசர் சிகிச்சை, கருவியால் சுரண்டிச் சுத்தம் செய்வதைவிடச் சிறந்ததா?

ஈறு நோய் என்பது பல்லைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கிருமித் தொற்றால் படிப்படியாக அழிவதாகும். நலமான ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளி 1 முதல் 3 மி.மீ. ஆழமே இருக்கும், நோய் முற்றும்போது அது 4 மி.மீ.க்கு மேல் ஆழமாகி, உள்ளே வேரின் மீது காரை (பல்லில் படியும் அழுக்குப் படிவு) கல்லைப் போல் இறுகிவிடுகிறது.

பல் மருத்துவர் வளைந்த நுனியுடைய சிறு கருவியை ஈற்றின் அடியில் செலுத்தி, அல்லது அதிர்வுக் கருவியைக் கொண்டு, அந்தக் காரையைப் பெயர்த்தெடுக்கிறார். பரவலாகப் பயன்படும் டயோடு லேசரோ கிருமிகளைக் குறைத்து, அழற்சியுற்ற திசுவை நீக்குமே தவிர, காரையைப் பெயர்க்காது. கடினநீர் காய்ச்சிய பாத்திரத்தில் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் கிருமிதான் சாகும், அடியில் படிந்த சுண்ணாம்புப் படிவைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்பதைப் போன்றதே இது. எர்பியம் வகை லேசர் காரையையும் நீக்கவல்லது. ஆனால் அதற்கான கருவி விலை மிகுந்தது.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியும் கருவியால் சுத்தம் செய்வதையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. ஆகவே, லேசர் மட்டும் போதும் என்று யாரேனும் சொன்னால், வேரிலுள்ள காரையை எவ்வாறு நீக்குவீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பலரும் அஞ்சுகின்றனர். உண்மையில் எலும்பு முன்பே கரைந்திருக்க, அதை மறைத்துக்கொண்டிருந்த காரை நீங்கியதும் அந்த ஆட்டம் தெரியவருகிறது.