ஏழு பேர் வரும் சனிக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் சபைச் சேகரத்தில் வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம், ஊர்ப் பெயர் வேண்டாம். பதிவேட்டில் 60 பேர். கிரிக்கெட் என்றால் 40 பேர் வருகிறார்கள், டிசம்பரில் கேரல் ரவுண்டுக்கு வேனில் இடம் கிடைக்காது. சனிக்கிழமை வேதபாடத்துக்கு மட்டும் 7 பேர், அதிலும் 2 பேர் சாவி வைத்திருப்பதால் வருகிறவர்கள். டிரம்ஸ், லைட் எல்லாம் வாங்கி சனிக்கிழமையை மியூசிக் நைட் ஆக்கிவிடலாம் என்கிறது கமிட்டியில் பாதி. சபைப் பெரியவர்கள் விளையாட்டையே நிறுத்து என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு செயலாளர்

அன்புள்ள தம்பி,

சாவி விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். நானும் ரொம்ப நாள் சாவிக்காக வந்தவன்தான்.

விளையாட்டை நிறுத்தச் சொல்லும் பெரியவர்களிடம் ஒரு பழைய கதையைச் சொல்லுங்கள். 1844ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயதுத் துணிக்கடை ஊழியர், மொத்தம் 12 பேராகச் சேர்ந்து, மாடி அறை ஒன்றில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடங்கினார். காலையிலிருந்து ராத்திரி வரை கடையில் நின்றுவிட்டு அந்தக் கட்டடத்திலேயே படுத்துத் தூங்கிய பையன்கள் (தி.நகர் ஜவுளிக்கடைகளுக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள், அப்படியே பொருந்தும்). ஜெபமும் வேதவாசிப்பும்தான் அவர்கள் கூடியதற்குக் காரணம். விளையாட்டு பிறகு வந்தது. 1891ல் கூடைப்பந்து, 1895ல் வாலிபால், இரண்டுமே அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. ஆட்கள் உருவாக்கியவை. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் இறையியல் படித்தவர், மைதானத்தில் வைத்தும் ஒருவனைக் கிறிஸ்துவிடம் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நம்பித்தான் அந்த வேலைக்கே வந்தார். ஆகவே பந்தின்மேல் கோபப்பட வேண்டாம்.

ஆனால் இன்றைக்குச் சென்னையில் யாரிடமாவது ஒய்.எம்.சி.ஏ. என்று சொல்லிப் பாருங்கள், நந்தனம் மைதானமும் புத்தகக் காட்சியும்தான் ஞாபகம் வரும். (புத்தகக் காட்சிக்கு நானும் போகிறவன், குறையாகச் சொல்லவில்லை.) மாடி அறையை யாரும் பூட்டவில்லை, மைதானத்துக்கு ஆள் தேடிய அளவுக்கு அந்த அறைக்கு ஆள் தேடவில்லை, அவ்வளவுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் கதையும் அதுதான். நான் செயலாளராக இருந்தபோது பொங்கல் லீவில் டோர்னமென்ட் வைத்தோம். 16 அணிகள், சுழற்கோப்பை, பேனரில் 'வாலிபன் தன் வழியை எதினால் சுத்தம்பண்ணுவான்?' என்ற சங்கீத வசனம். அது இல்லாமல் நம் பக்கம் வாலிபர் பேனரே அச்சாகாது. முதல் மேட்ச்சுக்கு எங்கள் ஓப்பனிங் பவுலர் வரவில்லை. அடுத்த மேட்ச்சுக்கும் ஆளைக் காணோம். வீட்டுக்கு ஆள் அனுப்பினால், அவன் அப்பா படுத்த படுக்கையாகி மூன்று மாதம் ஆகிறது, பையன் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்கிறார்கள். அந்த மூன்று மாதமும் வேதபாடப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக டிக் இருந்தது. போட்டது நான்தான். திருமண்டலத்துக்கு அனுப்பும் அறிக்கையில் எண்ணிக்கை குறையக்கூடாதே என்று!

அதே சபையில் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயரான தாத்தா ஒருவர் இருந்தார். பிரசங்கமெல்லாம் வராது. ஆராதனை முடிந்ததும் கோயில் படிக்கட்டில் என்னைப் பிடித்து உட்காரவைத்து, மாற்கு சுவிசேஷத்தில் பத்து வசனம் வாசிக்கச் சொல்லி, "இதுல உனக்கு எது இடிக்குது?" என்று கேட்பார். நான் என்ன சொன்னாலும் ஒரு "ம்". கடைசியில் என் பெயரைச் சொல்லி ஜெபிப்பார், கணக்குப் பரீட்சை உட்பட. என் விசுவாசம் என்று இன்றைக்கு ஏதாவது மிச்சம் இருந்தால் அது அந்தப் படிக்கட்டில் கிடைத்தது. மாற்கு 3:14ஐ எடுத்துப் பாருங்கள், இயேசு 12 பேரைத் தெரிந்துகொண்டது முதலில் "தம்மோடுகூட இருக்கவும்", அப்புறம்தான் பிரசங்கத்துக்கு அனுப்பவும். நாம் வாலிபர்களை வந்த அன்றைக்கே ஸ்டார் கட்டவும் சேர் எடுத்துப் போடவும் அனுப்பிவிடுகிறோம்.

வாசிப்பு, ஜெபம் என்று உட்கார்ந்திருந்தால் செயல் என்ன நடக்கும் என்று கமிட்டியில் கேட்பார்கள். பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான நம் வெள்ளாளன்விளைக்காரர் வி.எஸ்.அசரியாவும் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக இருந்தவர்தான். 1902ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியர்களை வெளியே அனுப்புவதைப் பார்த்தார். நம் திருநெல்வேலிச் சபை ஏன் யாரையும் அனுப்பவில்லை என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வருடமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அப்போது அவருக்கு 28 வயது, உங்கள் கமிட்டியில் பாதிப் பேர் வயது.

டிரம்ஸ் வாங்குவது உங்கள் பட்ஜெட், நான் தலையிடவில்லை. சனிக்கிழமையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் அதை வைக்காதீர்கள். லைட்டுக்கு வந்த கூட்டத்துக்கு அடுத்த மாதம் அதைவிடப் பெரிய லைட் காட்டவேண்டும், பக்கத்துச் சபையில் புகை மெஷின் வாங்கினால் நீங்களும் வாங்கவேண்டும், முடிவே கிடையாது.

7 பேர் போதும். ஆளுக்கு இரண்டு கிரிக்கெட் பையன்களைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வீடு தெரியவேண்டும், அப்பா என்ன வேலை என்று தெரியவேண்டும். மேட்ச் முடிந்து மைதான ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மாற்கு வாசியுங்கள். 16 அதிகாரம்தான், வாரம் ஒன்றென்றால் நாலு மாதம். சாவிக்காரர்கள் இரண்டு பேரையும் விட்டுவிடாதீர்கள், அவர்கள் எப்படியும் வந்துதானே ஆகவேண்டும்.

அன்புடன்,
அண்ணன்