ஐந்து மாதக் குழந்தையோடு குன்னூரிலிருந்து லண்டன்: காதுவலி பற்றி

சகோதரி, குழந்தைக்குக் காது அடைத்து அழுமோ என்று பயப்படுகிறீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள். அது குன்னூர், ஊட்டி உயரம்தான். உங்கள் பிள்ளைக்குப் பழகிய காற்று.

காது வலிப்பது பெரும்பாலும் இறங்கும்போது. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இறங்கும்போதே கவனியுங்கள், அங்கேயும் நடப்பது அதேதான். விழுங்கினால் காது திறக்கும். தரை தொடுவதற்கு அரைமணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். அப்போதே எழுப்பி, தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பால் கொடுங்கள். அதற்காக முந்தைய பாலைச் சற்றுத் தள்ளிப்போடலாம். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் மட்டும் கிளம்பும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தொட்டில் வேண்டுமென்றால் டிக்கெட் போட்ட கையோடு விமான நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். முன்வரிசையில் சிலதான் இருக்கும், எடை வரம்பும் உண்டு. குலுங்கும்போது பிள்ளையை மடிக்கு எடுக்கச் சொல்வார்கள், தூங்கினாலும்.

முடிந்தால் முதல் நாளே கோவைக்கு இறங்கிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்த பிள்ளையை அப்படியே விமானத்தில் ஏற்றுவது பாவம். கைப்பையில் உங்களுக்கும் ஒரு மாற்றுடுப்பு வையுங்கள்.