மேமோகிராம் எடுத்த பிறகு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆன்லைனில் மனநல ஆலோசனை பெற்றால் பலன் இருக்குமா?

கேள்வி கேட்ட தங்கை சிங்கப்பூரில் இருக்கிறார். வயது 41, முதல் மேமோகிராம் (மார்பகத்தை எடுக்கிற எக்ஸ்ரே படம்). இடது பக்கம் கூடுதல் படம் எடுக்க வேண்டும், வாருங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. போக வேண்டிய நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். தூக்கம் இல்லை, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, ஆலோசகரை நேரில் போய்ப் பார்க்கக் கூச்சம். ஆன்லைனில் பேசினால் உண்மையிலேயே உதவுமா என்று கேட்கிறார்.

எனக்கு உதவியது. பயம் போகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் காத்திருந்த நாட்களில் சோறு இறங்கியது, வேலைக்குப் போக முடிந்தது, குறித்த நாளில் ஓடி ஒளியாமல் போய் நின்றேன். நான் மருத்துவரும் இல்லை, ஆலோசகரும் இல்லை. சரக்குக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். 2023-ல், 43 வயதில், இதே மாதிரி ஒரு கடிதம் எனக்கும் வந்தது.

கடிதத்தைப் பற்றி முதலில். மேமோகிராம் எடுக்கிற நூறு பேரில் ஏறக்குறைய பத்துப் பேரைத் திரும்பக் கூப்பிடுவது வழக்கம். அப்படிக் கூப்பிடப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கடைசியில் புற்றுநோய் என்று தெரியவருகிறது. முதல் தடவை எடுப்பவர்களைக் கூடுதலாகக் கூப்பிடுவார்கள், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் கையில் இருக்காது. நாற்பதுகளில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். அடர்த்தியான திசு படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். சுண்ணாம்பு அடித்த சுவரில் வெள்ளை நூலைத் தேடுகிற வேலை அது. சந்தேகம் வந்தால் இன்னொரு படம் கேட்கத்தான் செய்வார்கள்.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்து என்ன செய்ய? நூறில் அந்தப் பத்தில் ஒருத்தியாக வந்துவிட்டேனே, அடுத்த ஒன்றிலும் நான் வர மாட்டேன் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? மனசு கணக்குப் போடுகிற விதம் அப்படி. கணக்கு எழுதுகிறவளுக்கே இந்த நிலைமை.

கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் ‘கூடுதல் படம்தான், கவலைப்படாதீர்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அதைச் சொல்கிறாரோ. ஆனால் அந்த ‘கவலைப்படாதீர்கள்’ என்ற வார்த்தைக்குப் பிறகுதான் எனக்குக் கவலை முழுசாக வந்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் போனை எடுத்துத் தேடுவேன். எதைத் தேடினாலும் நாலாவது சொடுக்கில் யாரோ ஒருவரின் கடைசி நாட்களில் போய் நிற்பேன். குளிக்கும்போது அந்த இடத்தை அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். மூன்றாம் நாள் அங்கே வலி எடுத்தது. வலிக்கிறதே, அப்படியானால் நிச்சயம் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன். என் விரல்தான் காரணம் என்று தோன்றவே இல்லை.

வீட்டில் சொல்லாததற்கு என்னிடமும் காரணம் இருந்தது. மகளுக்கு அந்த வருடம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. கணவருக்கு ஷிப்ட் வேலை. அத்தை (மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) ஹாலில் படுப்பவர், நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட ‘என்னம்மா, உடம்பு சரியில்லையா?’ என்பார். நேரில் ஆலோசகரைப் பார்க்கப் போவதும் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், கால் வைத்தால் தெரிந்த முகம் நாலு எதிரே வரும். கிளினிக் படியேறுவதை ஒருவர் பார்த்தால் போதும், சாயங்காலத்துக்குள் சின்னம்மா வரைக்கும் போய்விடும்.

எங்கள் கம்பெனியில் ஊழியர்களுக்கு வருடத்துக்குச் சில ஆலோசனை அமர்வுகள் இலவசம், வீடியோவிலும் பேசலாம் என்று எப்போதோ ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. தோண்டி எடுத்தேன். தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதினேன். நாலு நாள் கழித்து ஒருவர் கிடைத்தார், மலேசியாவின் ஜோகூர்க்காரப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். ஆங்கிலத்தில் எனக்கு வேலை பார்க்கத் தெரியும், சண்டை போடக்கூடத் தெரியும். ஆனால் மார்பைப் பற்றி, பயத்தைப் பற்றிப் பேசத் தமிழ்தான் வந்தது.

சரி, எங்கே உட்கார்ந்து பேசுவது? மூன்று அறை, ஐந்து பேர், ஒரு ஹால். கடைசியில் பாம் ஷெல்டருக்குள் போனேன். 1990-களின் கடைசிக்குப் பிறகு கட்டிய வீவக (அரசு அடுக்குமாடி) வீடு உள்ளவர்களுக்குத் தெரியும்: தடித்த சுவர், இரும்புக் கதவு, போருக்காகக் கட்டியது, ஆனால் எல்லார் வீட்டிலும் அது ஸ்டோர் ரூம்தான். அரிசி மூட்டைக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டுக் கதவை மூடினேன். வைஃபை செத்துவிட்டது. குண்டே வந்தாலும் உள்ளே நுழையாத சுவருக்குள் வைஃபை மட்டும் எப்படி வரும்? ஒரு சாண் திறந்து வைத்த பிறகுதான் அவர் முகம் தெரிந்தது.

அவர் என்னைத் தேற்றவில்லை. “உங்களுக்கு இப்ப தெரிஞ்சது என்னன்னு மட்டும் சொல்லுங்க அக்கா” என்றார்.

“கேன்சரா இருக்குமோன்னு…”

“அது நீங்க நினைக்கிறது. தெரிஞ்சது?”

கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அப்புறம், “வலது பக்கம் இன்னொரு படம் வேணுமாம்” என்றேன்.

“அவ்வளவுதானா?”

அவ்வளவுதான். கடிதத்தில் அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. மீதி எல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு நான் எழுதிச் சேர்த்தது. இதைப் படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும். எனக்கு அன்றைக்குத் தோள் இரண்டும் இறங்கின, அதுவரை தூக்கிக்கொண்டு திரிந்தது அப்போதுதான் தெரிந்தது.

அவர் சொல்லி நான் செய்தவற்றில் இரண்டு உண்மையாகவே வேலை செய்தன. ஒன்று, கவலைக்கு நேரம் ஒதுக்குவது. தினமும் மாலை ஏழரை முதல் ஏழே முக்கால் வரை, கையில் நோட்டோடு உட்கார்ந்து கவலைப்பட வேண்டும். மற்ற நேரத்தில் பயம் வந்தால் ‘ஏழரைக்கு வா’ என்று ஒரு வார்த்தை குறித்துவிட்டு, செய்கிற வேலைக்குத் திரும்ப வேண்டும். முதல் நாள் எனக்கே சிரிப்பாக இருந்தது. நாலாம் நாள் ஏழரைக்கு உட்கார்ந்தபோது நோட்டில் குறித்ததில் பாதி ஏன் குறித்தேன் என்றே நினைவு இல்லை. மீதிப் பாதியைக் கேள்வியாக மாற்றி எழுதச் சொன்னார். ‘நான் செத்துப்போனால்?’ என்பதை மருத்துவரிடம் கேட்க முடியாது. ‘படத்தில் தெரிவது கட்டியா, சுண்ணாம்புப் புள்ளியா, இரண்டு திசு ஒன்றன்மேல் ஒன்று விழுந்த நிழலா?’ என்று கேட்கலாம். ‘அன்றைக்கே ஸ்கேனும் எடுப்பீர்களா? பயாப்சி (துளி திசு எடுத்துச் சோதிப்பது) வேண்டும் என்றால் முடிவு எத்தனை நாளில் வரும், யார் எனக்குச் சொல்வார்கள்?’ என்றும் கேட்கலாம். இரண்டாவது, தடவிப் பார்ப்பதை நிறுத்துவது. ‘அடுத்து அதைத் தொடப்போவது மருத்துவரின் கை’ என்று எனக்கும் அவருக்கும் ஓர் ஒப்பந்தம். இரண்டே நாளில் வலி போய்விட்டது. மூச்சுப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். எனக்குப் பெரிதாக ஒத்துவரவில்லை, உங்களுக்கு வரலாம்.

செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ராத்திரி நேரத்தில் முதலில் கைபோவது அங்கேதான். ஒரு செயலியில் ‘பயமா இருக்கு’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். நல்ல தூக்கத்துக்கு ஏழு வழிகள் சொல்லியது. இப்போதைய ஏஐ எவ்வளவோ தேவலை, தமிழ் புரிகிறது, கனிவாகவும் பேசுகிறது. எனக்கு அந்தக் கனிவின் மேல்தான் சந்தேகம். ‘எனக்கு ஒன்றும் இருக்காது இல்லையா?’ என்று இருபது தடவை கேட்டால் இருபது தடவையும் சலிக்காமல் பதில் சொல்கிறது. ஒவ்வொரு பதிலும் பத்து நிமிடம் தாங்குகிறது, அப்புறம் இன்னொன்று வேண்டியிருக்கிறது. குளியலறையில் அழுத்திப் பார்த்ததும் இதுவும் ஒன்றேதான். ஆலோசகர் இரண்டாவது தடவையே நிறுத்திவிட்டு, “இப்ப இத எதுக்குக் கேக்குறீங்க?” என்றார். வாட்ஸ்அப் குழுக்கள் பக்கம் இந்தப் பன்னிரண்டு நாளும் போகாதீர்கள். அங்கே சொல்கிற மஞ்சள், முள்சீத்தா வைத்தியத்தையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கம்பெனி வசதி இல்லாதவர்களுக்கு: மைண்ட்லைன் என்கிற மனநல உதவி இணையத்தளம் 2020 முதல் இருக்கிறது, பெயர் கொடுக்காமல் பயன்படுத்தலாம். 2025 ஜூனிலிருந்து 1771 என்ற மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, பேசலாம், வாட்ஸ்அப்பிலோ இணையத்திலோ எழுதலாம். என் காலத்தில் அது இல்லை, இருந்திருந்தால் ராத்திரி இரண்டு மணிக்குக் கூகுளை விட்டு அங்கே போயிருப்பேன். உயிரை விட்டுவிடலாம் என்கிற அளவுக்கு நினைப்பு போனால் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு எண், உடனே, நேரம் காலம் பார்க்காமல். கட்டி, படம், ஊசி பற்றிய சந்தேகங்களை ஆலோசகரிடம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அதற்கு மருத்துவமனையில் மார்பகப் பராமரிப்புத் தாதி இருந்தால் அவரைக் கேட்டுப் பேசுங்கள்.

மூன்றாவது அமர்வு முடியும் நேரம். ஒரு சாண் திறந்திருந்த கதவுக்கு வெளியே அத்தை நிற்கிறார்.

“என்னம்மா, அரிசி மூட்டையோட பேசிக்கிட்டிருக்கே?”

சொல்லிவிட்டேன். வேறு வழியும் இல்லை. உப்புச் சுற்றிப் போடுவார், அழுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முக்காலியை இழுத்து உட்கார்ந்து, “எனக்கும் 2009-ல கூப்பிட்டாங்க” என்றார். சிங்கப்பூரில் நாடு தழுவிய மேமோகிராம் பரிசோதனைத் திட்டம் 2002-ல் தொடங்கியது, அவர் அப்போதிலிருந்தே கடிதம் வந்தால் போய்விடுகிறவர். திரும்பக் கூப்பிட்டதை மாமாவிடம்கூடச் சொல்லாமல் தனியாகப் பேருந்து ஏறிப் போயிருக்கிறார், ஒன்றும் இல்லை என்று சொன்னதும் தனியாகவே திரும்பி வந்து மீன் குழம்பு வைத்திருக்கிறார். பதினான்கு வருடம் யாருக்கும் தெரியாது. “அடகு வச்ச நகை மாதிரி மறைச்சு வச்சேன். எதுக்குன்னு இன்னிக்கும் தெரியல” என்றார். உப்பும் சுற்றிப் போட்டார், அது வேறு விஷயம்.

குறித்த நாளில் அவர்தான் கூட வந்தார். சின்னத் தட்டு வைத்து அந்த ஓர் இடத்தை மட்டும் அழுத்திப் படம் எடுத்தார்கள், பிறகு அல்ட்ராசவுண்ட். நீர்க்கட்டி. பயாப்சி தேவைப்படவில்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியாது.

நான் எதிர்பாராதது அதற்குப் பிறகு நடந்தது. ஒன்றும் இல்லை என்று தெரிந்த மறுநாள் எல்லாம் மறந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. டென்மார்க்கில் இப்படித் திரும்பக் கூப்பிடப்பட்ட 454 பெண்களை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து, 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புற்றுநோய் இல்லை என்று உறுதியான பெண்களுக்கும் மூன்று வருடம் கழித்துக்கூட மனபாரம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அதைப் படித்த பிறகுதான் என்னை நானே திட்டிக்கொள்வதை விட்டேன். நாற்பதுகளில் வருடம் ஒரு தடவை, ஐம்பதிலிருந்து 69 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்பது இங்குள்ள பரிந்துரை. அடுத்த வருடம் நான் நாலு மாதம் தள்ளிப் போட்டேன். அலுவலகத்தில் வருடக் கணக்கு முடிக்கிறோம் என்று சாக்குச் சொன்னேன். கடைசியில் அதே ஜோகூர்ப் பெண்ணிடம் கைக்காசு கொடுத்து ஓர் அமர்வு பேசிவிட்டுத்தான் போனேன். அதனால் உங்களுக்கு இலவச அமர்வுகள் இருந்தால் எல்லாவற்றையும் இந்தப் பன்னிரண்டு நாளிலேயே தீர்த்துவிடாதீர்கள். ஒன்றைப் பிறகுக்கு வையுங்கள்.

முதல் வீடியோவை இந்த வாரமே பதிவு செய்யுங்கள், தமிழ் வேண்டும் என்றால் அதை முதலிலேயே கேளுங்கள், காத்திருக்க வேண்டி வரலாம். ஷெல்டரில் உட்காருவதாக இருந்தால் கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள்.