பேஸ்பால் திரையில் ஓடும் கடிகாரம் எதற்கு?

பேஸ்பால் ஒளிபரப்பில் 15, 14, 13 என்று இறங்கும் எண் என்ன என்று கேட்டீர்கள். அது ஆட்ட நேரம் அல்ல, பந்து வீச வேண்டிய கெடு. பேஸ்பாலில் ஆட்ட நேரமே கிடையாது. 9 இன்னிங்ஸ் (இரு அணியும் ஒருமுறை மட்டை பிடித்தால் ஒரு இன்னிங்ஸ்) முடிந்தும் சமநிலை என்றால் 10-வது, அப்புறம் 11-வது. கூடைப்பந்து போல 5 நிமிடக் கூடுதல் நேரம் இல்லை.

என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்த்த பழக்கத்தில், கூடையை நோக்கி எறிய அங்கே தரும் 24 விநாடிக் கெடுவான ஷாட் கிளாக் என்று நினைத்திருப்பீர்கள். இதன் பெயர் பிட்ச் கிளாக். அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கான எம்எல்பிக்கு 2023-ல்தான் வந்தது. எனக்கென்னவோ அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பார்க்கவே பொறுமை வருகிறது.

சரி, அடுத்த ஆட்டத்தில் கவனியுங்கள்: பேஸில் (மட்டை பிடிக்கும் அணியினர் ஓடி எட்டும் இடம்) ஓட்டக்காரர் இல்லாவிட்டால் 15 விநாடி, இருந்தால் 18 விநாடியிலிருந்து தொடங்கும். கெடு தாண்டினால் கூடைப்பந்து போல பந்து எதிரணிக்குப் போகாது. வீசுபவர் தாமதித்தால் ஒரு 'பால்' (ball, மட்டையாளருக்குச் சாதகமான கணக்கு), மட்டையாளர் தாமதித்தால் ஒரு 'ஸ்ட்ரைக்' (strike, அவருக்குப் பாதகமான கணக்கு).

இது எம்எல்பியின் இப்போதைய கணக்கு. 2023-க்கு முந்தைய எம்எல்பி ஆட்டப் பதிவுகளில் இந்தக் கடிகாரத்தைத் தேடாதீர்கள்.