அப்பாவின் ஒயின் ஆலையில் எனக்கு என்ன வேலை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒயின் கொள்முதல் வேலையில் நெடுங்காலம் இருந்தவர் நீங்கள் என்பதால் இதைக் கேட்கிறேன். தாத்தா போட்ட திராட்சைத் தோட்டமும் அவர் தொடங்கிய ஒயின் ஆலையும் எங்கள் குடும்பத்துடையவை. அப்பா விற்பனையைப் பார்க்கிறார். ஒயின் தயாரிப்பு முழுக்கச் சித்தப்பாவின் பொறுப்பு. எனக்கு 26 வயது. கணக்கியல் படித்துவிட்டு வெளியே வேலை செய்கிறேன். இப்போது அப்பா, “வந்துடுப்பா, இனிமே நீதானே பார்க்கணும்” என்கிறார். என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்டால், “நம்ம வீட்டுல என்னடா சம்பளம்” என்று சிரிக்கிறார். சித்தப்பா மகனும் அடுத்த வருடம் படிப்பை முடித்துவிட்டு வருகிறான்.

தோட்டத்தைப் பற்றி எங்கள் எல்லாரையும்விட அக்காவுக்குத்தான் அதிகம் தெரியும். கொடிகளை வெட்டிவிடும் கவாத்து நேரத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்குவதே அவள்தான். அவளை யாரும் இப்படி வரச் சொல்லவில்லை.

கையிலிருக்கும் வேலையை விடலாமா? ஒயின் பற்றித் தனியாகப் படிக்க வேண்டுமா? பங்கு பற்றி இப்போதே கேட்டால் பேராசை என்று நினைத்துவிடுவார்களோ?

க.

அன்புள்ள க.,

இந்த வருடம் போகாதீர்கள். போக வேண்டிய ஆள்தான் நீங்கள் என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆனால் அப்பா உங்களை வீட்டுக்குக் கூப்பிடுகிறாரே தவிர, ஒரு வேலைக்குக் கூப்பிடவில்லை. “எல்லாத்தையும் பார்த்துக்கோ” என்ற ஒரு சொல்லை நம்பி வந்த பிள்ளைகளைக் கொள்முதலுக்குப் போன இடங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். நாற்பது வயதிலும் விலை கேட்டால், “அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்பார்கள். திறமைக்குக் குறைவில்லை. இதுவரை உன் முடிவு, இதற்கு மேல் என் முடிவு என்று யாரும் அவர்களுக்குக் கோடு போட்டுக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சம்பளத்தைப் பற்றி அப்பா சிரித்ததற்குக் காரணம் உண்டு. கொடி நட்டால் ஓரளவு விளைச்சல் பார்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். பறித்த பழம் ஒயினாகி விற்பனைக்கு வருவதற்கும் காலம் பிடிக்கும். இத்தாலியின் பரோலோ ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 38 மாதம் முதிர வைக்காமல் விற்க அங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. 225 லிட்டர் பீப்பாய் ஒன்றில் ஏறக்குறைய 300 பாட்டில் சரக்கு காசாகாமல் கிடக்கிறது. இப்படிப் பணமெல்லாம் பீப்பாய்க்குள் இருக்கும் வீட்டில் பிள்ளைக்குச் சம்பளம் என்ற பேச்சே வீண்செலவாகத்தான் படும்.

அதற்காக விட்டுக்கொடுக்காதீர்கள். குறைவாக இருந்தாலும் மாதச் சம்பளம் என்று ஒன்று கணக்கில் ஏற வேண்டும். எழுதப்படாத சம்பளமெல்லாம் பிற்பாடு சொத்தில் உரிமையாகத் திரும்பி வரும். “பத்து வருஷம் சும்மா உழைச்சேன், எனக்கு அதிகம் வேணும்” என்பார் ஒருவர். “உனக்குச் சாப்பாடு போட்டது யாரு” என்பார் இன்னொருவர். இரண்டிலும் நியாயம் இருப்பதால் அந்தச் சண்டை தீரவே தீராது. இன்னொன்றும் இருக்கிறது. நான்கு பேரின் உழைப்புக்குக் கூலி போடாமல் காட்டப்படும் லாபம் லாபமே இல்லை. கணக்குப் படித்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாட்டில் ஒயினின் உண்மையான அடக்கவிலை உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா? தெரியாது என்றால், நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்தில் இருக்கும் ஜோசப் த்ரூவான் ஒயின் நிறுவனத்தை உதாரணமாகச் சொல்லலாம். ராபர்ட் த்ரூவானின் பிள்ளைகள் நான்கு பேர். பிலிப்புக்குத் திராட்சைத் தோட்டங்கள். வெரோனிக்குக்கு ஒயின் தயாரிப்பு. லோரானுக்கு அமெரிக்கச் சந்தை. ஃபிரெடெரிக்குக்கு நிர்வாகம். நால்வரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், ஆனால் நான்கு வேலைகள். உங்கள் வீட்டிலும் நீங்கள், அக்கா, சித்தப்பா மகனான தம்பி மூவருக்கும் இடம் இருக்கும், மூன்று வேலைகளையும் முதலிலேயே பிரித்துவிட்டால்.

வெரோனிக் செய்த இன்னொரு காரியத்தையும் கவனியுங்கள். ஒயின் படிப்பை முடித்ததும் 1986 அறுவடைக்கு அவர் போனது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்கு, பிறருடைய ஆலைகளில் வேலை பார்க்க. அடுத்த வருடமே அவர்கள் குடும்பம் அங்கே நிலம் வாங்கியது. பிள்ளை வெளியே போய்வந்ததால் குடும்பத்துக்கே ஒரு புதிய கதவு திறந்தது.

நீங்களும் வெளியே போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒயின் திராட்சை பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறைதான் அறுவடைக்கு வரும். ஒரே இடத்தில் இருந்தால் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க நாற்பது அறுவடை கிடைத்தால் அதிகம். வடகோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அறுவடை, தென்கோளத்தில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. இரண்டு பக்கமும் வேலை செய்தால் ஒரே வருடத்தில் இரண்டு வருட அனுபவம் கிடைத்துவிடும். தொட்டி கழுவுவீர்கள், குழாய் இழுப்பீர்கள், நள்ளிரவில் நொதிக்கும் சாற்றின் வெப்பத்தைக் குறித்துவைப்பீர்கள். கரியமில வாயு தரையோடு தேங்கும் அறைக்குள் தனியாக இறங்கக்கூடாது என்பதையும் அங்கேதான் கற்றுக்கொள்வீர்கள். அங்கே உங்கள் தாத்தா பெயரை யாருக்கும் தெரியாது. தப்பு செய்தால் வேறு எவரையும்போலத் திட்டு வாங்குவீர்கள். வீட்டில் அந்தத் திட்டு ஒருபோதும் சரியான அளவில் கிடைக்காது. ஒன்று விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் அளவுக்கு மீறி வைவார்கள்.

படிப்பைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்கிறேன். ஒயின் தயாரிப்புக்குத்தான் போகப் போகிறீர்கள் என்றால் பிரான்ஸின் மோன்பெலியே, ஜெர்மனியின் கைசன்ஹைம், அமெரிக்காவின் டேவிஸ், ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் போன்ற இடங்களில் முறையாகப் படித்தாக வேண்டும். வேதியியலில் குறுக்குவழி கிடையாது. ஆனால் உங்கள் கை விற்பனையிலும் கணக்கிலும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்கு டபிள்யூ.எஸ்.இ.டி. (WSET) என்ற ஒயின் கல்வி அமைப்பு நடத்தும் சுவைப் பயிற்சிப் படிப்புகளே போதும். விற்பனை இன்று சின்ன வேலை இல்லை. 2024இல் உலகம் குடித்த ஒயின் ஏறக்குறைய 21.4 கோடி ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் நூறு லிட்டர்). 1961க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. அப்பா கற்றுக்கொண்ட காலத்துச் சந்தை இப்போது இல்லை. அவருக்கே இன்று துணை தேவைப்படுகிறது, ஒருவேளை அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறாரோ என்னவோ.

பங்கு விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கேட்பது பேராசை இல்லை. கேட்காமல் விட்ட குடும்பங்கள் என்ன ஆயின என்று பாருங்கள். பர்கண்டியில் குளோ டி வூஜோ என்றொரு தோட்டம், சுமார் 50 ஹெக்டேர். பல நூற்றாண்டுகள் துறவிகளின் மடத்துக்குச் சொந்தமாக, ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்தது. இன்று அதற்கு ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். விற்றதும் வாங்கியதும் ஒரு பக்கம். பிள்ளைகளுக்குச் சொத்தைச் சமமாகப் பிரிக்கச் சொன்ன 1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டம் அந்த வட்டாரத்தையே வரிசை வரிசையாகத் துண்டாக்கியது. சமபங்கு நியாயமானதுதான். ஆனால் நிலம் யாருக்கு, ஆலை யாருக்கு, வேலையில் இல்லாத பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று உட்கார்ந்து பேசாவிட்டால், அந்த நியாயமே தோட்டத்தைத் தின்றுவிடும்.

மொண்டாவி குடும்பத்தின் கதையும் பங்காளிச் சண்டைதான். சீசரே மொண்டாவி 1943இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள நாபாவில் சார்ல்ஸ் க்ரூக் ஒயின் ஆலையை வாங்கினார். மூத்தவர் ராபர்ட்டுக்கு விற்பனை, இளையவர் பீட்டருக்குத் தயாரிப்பு. உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் போலவேதான். 1959இல் தந்தை போய்ச் சேர்ந்தார். 1965இல் அண்ணன் தம்பி கைகலப்பு. ராபர்ட் வெளியேற்றப்பட்டு, மறு ஆண்டே தன் பெயரில் தனி ஆலை தொடங்கினார். பிறகு வழக்கு, வருடக்கணக்கில். 2005இல்தான் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு பீப்பாய் ஒயின் செய்தார்கள், தர்ம ஏலத்துக்காக. அப்போது இருவருக்கும் வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. அந்த நாற்பது வருடத்தை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஆகவே அப்பாவும் சித்தப்பாவும் நல்ல உறவில் இருக்கும்போதே கேளுங்கள். அப்பாவிடம் மட்டும் தனியாகப் போய்க் கேட்க வேண்டாம், அது சித்தப்பாவின் காதுக்கு வேறு மாதிரி போய்ச் சேரும். இருவரையும் உட்காரவைத்து, தம்பியையும் அழைத்து, “எனக்கு எவ்வளவு” என்று தொடங்காமல், “நம்மில் ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்கை யார், என்ன கணக்கில் வாங்குவது” என்று தொடங்குங்கள். அந்தக் கேள்வி எல்லாருக்கும் பொதுவானது, யாருக்கும் உறுத்தாது. பேசி முடித்ததை வழக்கறிஞரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

அக்காவைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த மூன்று வரிதான் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது. நல்ல ஒயினின் பாதி வேலை கவாத்திலேயே முடிந்துவிடுகிறது. எந்தக் கொடியில் எத்தனை மொட்டு விடுவது என்று தெரிந்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார், அவரை யாரும் கூப்பிடவில்லை. 1385இலிருந்து ஒயின் தொழிலில் இருக்கும் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து ஆன்டினோரி குடும்பத்தில் பியேரோ என்பவருக்கு மூன்றும் மகள்கள். இருபத்தாறாம் தலைமுறையில் நிறுவனம் அவர்களிடம்தான் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால், 1805இல் 27 வயதில் கணவனை இழந்த, பிரான்ஸின் பார்ப்-நிகோல் கிளிக்கோ. மாமனார் முதல் போட்டார், ஆனால் அனுபவமுள்ள அலெக்சாண்டர் ஃபூர்னோவோடு சில வருடம் கூட்டாக வேலை செய்து தொழிலைக் கற்றுக்கொண்ட பிறகே அவர் தனியாக நடத்தினார். அந்த அம்மையாரின் ஷாம்பெயின் ரஷ்யா வரை போனது. கடைசியில் நிறுவனத்தை ஒப்படைத்தது தன் குடும்பத்தாரிடம் இல்லை, உடனிருந்து வளர்த்த எட்வார் வெர்லே என்ற ஊழியரிடம். இரத்த உறவு மட்டும் போதாது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அதனால் அப்பாவிடம் பேசுவதற்கு முன் அக்காவிடம் பேசுங்கள். அவருக்குத் தோட்டப் பொறுப்பு வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டும் என்றால் அவருடைய பெயரையும் சம்பளத்தையும் சேர்த்தே குடும்பத்தின் முன் வையுங்கள். அவர் பெயர் இல்லாத ஏற்பாட்டுக்கு நீங்கள் சம்மதிக்கக்கூடாது என்பது என் விருப்பம்.

தென்கோள ஆலைகள் பிப்ரவரி அறுவடைக்கான ஆட்களைப் பல மாதம் முன்பே எடுத்துவிடும். விசா வாங்கவும் நாள் பிடிக்கும். விண்ணப்பங்களை இந்த வாரமே அனுப்பத் தொடங்குங்கள். அனுப்பியதும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள், பதில் வந்த பிறகு விடலாம்.

அன்புடன்.