பல வருடம் ஆடிய நட்சத்திர வீரரை அணியே வேறு அணிக்குக் கொடுத்துவிட்டால், அந்த அணியைத் தொடர்ந்து ஆதரிப்பீர்களா?

ஆதரிக்கிறேன். திட்டிக்கொண்டேதான்.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் அமெரிக்கா வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. ஆபீஸில் யாரோ மேட்சுக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள், ஒரு ஆட்டக்காரர் மனசுக்குப் பிடித்துப்போயிருப்பார், தொப்பியெல்லாம் வாங்கியிருப்பீர்கள், இப்போது அந்த ஆளைத் தூக்கி வேறு ஊருக்குக் கொடுத்திருப்பார்கள். ஊகம் தப்பென்றால் மன்னிக்கவும். எனக்கு நடந்தது இதுதான், அதனால்தான் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அணி பாஸ்டன் ரெட் சாக்ஸ். ஆள் மூக்கி பெட்ஸ்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேஸ்பால் நிபுணன் இல்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். 2014 கடைசியில் பாஸ்டன் பக்கத்து ஃப்ரேமிங்ஹாமில் குடியேறியபோது இந்த ஆட்டத்தில் எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது. அடுத்த ஏப்ரலில், துல்லியமாகச் சொன்னால் 2015 ஏப்ரல் 13 திங்கட்கிழமை மதியம், என் மேனேஜரிடம் ஒரு டிக்கெட் உபரியாக இருந்தது. ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் அந்த வருடத்தின் முதல் ஆட்டம், எதிரணி வாஷிங்டன் நேஷனல்ஸ். முதல் இன்னிங்ஸிலேயே அவர்களுடைய பிரைஸ் ஹார்ப்பர் ஒன்று தூக்கி அடித்தார். போச்சு, ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) என்று பக்கத்தில் இருந்தவர் முனகினார். ஒல்லியாக, குள்ளமாக ஒரு பையன் ஓடிப்போய் எம்பி, சுவருக்கு அந்தப் பக்கம் விழ வேண்டிய பந்தைக் கையுறையில் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டான். பவுண்டரி கோட்டில் பிடிக்கும் கேட்சுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நானும் எழுந்து கத்தினேன்.

அப்புறம் அதே பையன் பேட்டிங் வந்து முதல் பேஸில் (ஒரு ரன்னுக்குச் சுற்றி வர வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) நின்றான். அங்கிருந்து இரண்டாவது பேஸைத் திருடினான், அதாவது யாரும் பந்தை அடிக்காமலேயே, பந்து வீசும் நேரம் பார்த்து ஓடிவிட்டான். சறுக்கி எழுந்து பார்த்தால் மூன்றாவது பேஸில் ஆளே இல்லை. டேவிட் ஓர்டீஸ் இடதுகை ஆட்டக்காரர் என்பதால் ஃபீல்டர்கள் எல்லாரும் வலது பக்கம் நகர்ந்திருந்தார்கள். அவ்வளவுதான், அப்படியே ஓடி அதையும் எடுத்துக்கொண்டான். அடுத்த இன்னிங்ஸில் மூன்று ரன் கிடைக்கிற மாதிரி ஒரு ஹோம் ரன் வேறு. இரண்டு இன்னிங்ஸ் முடிவதற்குள் இத்தனையும். 9-4 என்று ஜெயித்தோம். பார்த்தீர்களா, அன்றைக்கே 'ஜெயித்தோம்' ஆகிவிட்டது.

அவரைப் பற்றிச் சுருக்கமாக. 2011-ல் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஐந்தாவது சுற்றில் எடுக்கப்பட்ட நாஷ்வில் பையன், அதாவது யாரும் பெரிதாக எதிர்பார்க்காதவர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். இரண்டாவது பேஸில் ஆடி வளர்ந்தவர். அந்த இடத்தில் டஸ்டின் பெட்ரோயா இருந்ததால் அவுட்ஃபீல்டுக்கு அனுப்பினார்கள், அங்கே போய் ஊரிலேயே சிறந்த வலது அவுட்ஃபீல்டர் ஆனார். 2018-ல் பேட்டிங் சராசரி .346 (மூன்று வாய்ப்பில் ஒன்றுக்கு மேல் ஹிட்), ஹோம் ரன் 32, திருடிய பேஸ் 30, லீக்கின் சிறந்த வீரர் விருது. அணி 108 ஆட்டம் ஜெயித்து, உலகத் தொடர் என்கிற இறுதித் தொடரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸைத் தோற்கடித்துக் கோப்பையும் வாங்கியது. அந்தத் தொடரின் நடுவில் ஒரு ராத்திரி, மேட்ச் முடிந்த கையோடு பாஸ்டன் பொது நூலகத்து வாசலில் குளிரில் படுத்திருந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். போட்டோகிராபர் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை, பார்த்தவர்கள் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. இந்த ஆளை எப்படிப் பிடிக்காமல் போகும்?

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்குப் பிடித்த முதல் ஆட்டக்காரர் இவர்தான். 2020 பொங்கலுக்கு எண் 50 ஜெர்சி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். கடையில் என் மனைவி, "வளர்ற பிள்ளைங்க, ரெண்டு சைஸ் பெரிசா வாங்குங்க, அந்த விலைக்கு" என்றாள். வாங்கினோம். முழங்கால் வரை தொங்கியது, இரவு உடுப்பு மாதிரி. ரெட் சாக்ஸின் உள்ளூர் ஜெர்சியில் முதுகில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. இது பிறகு வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்து மூன்று வாரம். பிப்ரவரி 4, செவ்வாய் சாயங்காலம் போனில் செய்தி. பெட்ஸ் டாட்ஜர்ஸுக்கு. கூடவே பிட்சர் (பந்துவீச்சாளர்) டேவிட் பிரைஸும். மின்னசோட்டா அணியும் சேர்ந்த மூன்று அணிப் பேரம், அதில் வரவேண்டிய ஒரு பையனின் மெடிக்கல் ரிப்போர்ட்டில் சிக்கல் என்று ஐந்தாறு நாள் இழுத்தது. அந்த ஐந்தாறு நாள்தான் கொடுமை. கல்யாணம் நின்றுபோகாதா என்று காத்திருக்கிற ஒருதலைக் காதலன் மாதிரி போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. கடைசியில் பெட்ஸுக்கும் பிரைஸுக்கும் பதிலாக பாஸ்டனுக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். இதில் பிரைஸின் மீதிச் சம்பளம் 96 மில்லியன் டாலரில் பாதியைக் கொடுப்பதும் பாஸ்டனே. ஜீட்டர் டவுன்ஸ் என்ற பெயர் பாஸ்டனின் பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸின் நாயகன் டெரெக் ஜீட்டரை நினைத்து வைத்தது. பாஸ்டன்காரனுக்கு இதைவிடக் குத்தல் வேண்டுமா?

மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவர் என்னப்பா தப்பு பண்ணினார்?"

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். இது ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை. ஒரு வீரர் பெரிய லீகில் ஆறு வருடம் ஆடி முடித்த பிறகுதான் சுதந்திரமாக எந்த அணிக்கும் போகலாம். அதுவரை அவரை வைத்துக்கொள்வதும் தள்ளிவிடுவதும் அணியின் இஷ்டம். 'போகமாட்டேன்' என்று மறுக்கும் உரிமை வேண்டுமென்றால் பத்து வருடம் ஆடியிருக்க வேண்டும், அதில் கடைசி ஐந்து வருடம் அதே அணியில். இல்லையென்றால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். பெட்ஸுக்கு 2020 முடிந்தால்தான் ஆறு வருடம். அதற்குப் பிறகு அவர் சும்மாவே போய்விடலாம், அணிக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. அதனால் இப்போதே கொடுத்து ஏதாவது வாங்கிக்கொள்வோம் என்பது நிர்வாகத்தின் கணக்கு. இன்னொரு கணக்கு லக்சுரி டாக்ஸ். அந்த வருடம் மொத்தச் சம்பளம் 208 மில்லியன் டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி. 2018, 2019 இரண்டு வருடமும் தாண்டியாயிற்று, மூன்றாவது வருடமும் தாண்டினால் 50 சதவீதம். ஒரே ஒரு வருடம் கீழே இறங்கிவிட்டால் மீட்டர் மறுபடி முதலிலிருந்து ஓடும். பெட்ஸின் அந்த வருடச் சம்பளம் மட்டும் 27 மில்லியன்.

தப்பு எதுவும் பண்ணவில்லை கண்ணு, சம்பளம் அதிகம், அவ்வளவுதான் என்று சொன்னேன். ஒன்பது வயசுக் குழந்தையிடம் சொல்கிற பதிலா இது?

இந்த இடத்தில் சிலர் கமெண்டில் வருவீர்கள், தெரியும். "அவரே பாஸ்டன் கொடுத்த தொகையை வேண்டாமென்றார்" என்பீர்கள். பத்து வருடத்துக்கு 300 மில்லியன் தருகிறோம் என்றார்கள், அவர் பன்னிரண்டு வருடத்துக்கு 420 கேட்டார் என்று அப்போது செய்திகளில் அடிபட்டது உண்மைதான். ஆனால் அதே வருடம் ஜூலையில் டாட்ஜர்ஸுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு 365 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார். இடைவெளியில் பேசித் தீர்க்க இடம் இருந்ததா இல்லையா? இருந்தது என்பது என் கட்சி. ரெட் சாக்ஸ் முதலாளிகள் ஒன்றும் பெட்டிக்கடைக்காரர்கள் இல்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியும் அவர்களுடையதுதான்.

"ட்ரேட் செய்வதே தப்பா?" என்றும் கேட்பீர்கள். இல்லை சாமி, அப்படிச் சொல்லவில்லை. 2004 ஜூலை 31-ல் இதே அணி நோமார் கார்சியபாராவை, அப்போதைய ஊர்ச் செல்லப்பிள்ளையை, சிகாகோவுக்கு அனுப்பியது. இரண்டு முறை பேட்டிங் பட்டம் வாங்கியவர். அதற்கு ஊரே அழுததாக என் பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். ஆனால் பதிலுக்கு வந்தவர்கள் ஃபீல்டிங்கைத் தூக்கி நிறுத்தினார்கள், மூன்று மாதத்தில் 86 வருடக் காத்திருப்பு முடிந்து கோப்பை வந்தது. அது ஜெயிப்பதற்காகச் செய்தது. இது மிச்சம் பிடிப்பதற்காகச் செய்தது. 1919 டிசம்பரில் பேப் ரூத் என்ற மாபெரும் நட்சத்திரத்தை ஒரு லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றுவிட்டு 2004 வரை கோப்பையே பார்க்காத அணி இது. காசுக்காகச் செய்கிற வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோபத்தில் கேபிளை நிறுத்தினேன். இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. உள்ளூர் ஆட்டங்களுக்கென்றே மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தேன், இனி எதற்கு என்று நிறுத்தி, பெட்டியைக் கொண்டுபோய் கவுண்டரில் திருப்பிக் கொடுத்து ரசீதும் வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து பெட்டி வரவில்லை என்று பில். ரசீதைத் தேடினால் காரின் முன்கண்ணாடி ஓரத்தில் இருக்கிறது, வெயிலில் வெளுத்துப்போய் ஒரு எழுத்துக்கூட இல்லாத வெள்ளைத்தாளாக. மூன்று மாதம் போன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறையும் "உங்கள் பொறுமைக்கு நன்றி". கடைசியில் கட்டித் தொலைத்தேன். தெர்மல் பேப்பர் ரசீது எதுவாக இருந்தாலும் உடனே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 2020-ல் கொரோனாவால் அறுபதே ஆட்டம், காலி மைதானம், அதில் ரெட் சாக்ஸ் 36 தோற்றுக் கடைசி இடம். அக்டோபரில் டாட்ஜர்ஸ் கோப்பை வாங்கிய ராத்திரி எட்டாவது இன்னிங்ஸில் பெட்ஸ் ஒரு ஹோம் ரன். நானும் மகளும் கைதட்டினோமா என்று கேட்காதீர்கள். வந்த மூவரில் டவுன்ஸ் 2022-ல் பதினான்கே ஆட்டம் ஆடிக் கழற்றிவிடப்பட்டார். வெர்டூகோவை 2023 டிசம்பரில் கொடுத்தது யாருக்கு? யாங்கீஸுக்கு! வெர்டூகோ மேல் எனக்குக் கோபமே கிடையாது, 2021-ல் நன்றாகவே ஆடினார். யாருடைய இடத்தில் வந்து நின்றோம் என்பது அவர் செய்த தப்பு இல்லையே.

2023 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை. டாட்ஜர்ஸ் ஆளாக பெட்ஸ் முதல்முறை ஃபென்வேக்கு வருகிறார். ஃப்ரேமிங்ஹாமிலிருந்து ரயிலில் போனோம், லேன்ஸ்டவுன் ஸ்டேஷனில் இறங்கினால் மைதானம் நடக்கிற தூரம்தான். மகள் அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்தாள். வாங்கியபோது முழங்காலில் தொங்கியது, அன்றைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. தோள்பட்டைத் தையல் சரியாகத் தோளில் உட்கார்ந்திருந்தது. வெளியூர் அணிதான் முதலில் பேட்டிங், டாட்ஜர்ஸின் முதல் ஆளே அவர்தான். பெயரைச் சொன்னதும் மொத்த மைதானமும் எழுந்துவிட்டது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். எதிரணிச் சட்டை போட்ட ஒருவருக்கு இவ்வளவு பேர் நின்று கைதட்டுவதை நான் அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. மகள் கைதட்டவில்லை. திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், எண் தெரியட்டும் என்று. நாங்கள் இருந்த வரிசையிலிருந்து அவருக்கு எங்கே தெரியும்! சொல்லவில்லை நான்.

சரி, பழகிவிட்டது என்று நினைத்தால் 2025 ஜூன் 15, இங்கே தந்தையர் தினம். ரெட் சாக்ஸ் நட்சத்திரம் ரஃபேல் டெவர்ஸ் ஹோம் ரன் அடிக்கிறார், யாங்கீஸை மூன்று ஆட்டத்திலும் தோற்கடித்தாயிற்று, எனக்கு வீட்டில் கேசரி. சாயங்காலம் மகள் போனோடு வந்து "அப்பா, முதல்ல உக்காரு" என்றாள். டெவர்ஸை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2018 கோப்பை அணியில் பாக்கியிருந்த கடைசி ஆள். இந்த முறை நிர்வாகத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு, எந்த இடத்தில் ஆடுவது என்று பல மாதமாகத் தகராறு. அதற்குள் நான் போகவில்லை. அவள், "அம்மா, நல்லவேளை, அவர் ஜெர்சி வாங்கல" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். அவ்வளவுதான் அவளுடைய துக்கம்.

அந்த ஜூலையில் மறுபடி மேட்சுக்குப் போனோம். கேட்டது அவள்தான். ஜெர்சி இப்போது கொஞ்சம் இறுக்கம், ஆனாலும் அதையேதான் போடுகிறாள். எண் 50 அப்போது கட்டர் க்ராஃபர்ட் என்ற பிட்சரிடம் இருந்தது, முதுகில் பெயர் இல்லாததால் யாருடையது என்று சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரயிலில் எதிரே இருந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, க்ராஃபர்ட் ரசிகையா என்று கேட்டார்.

"இல்ல, பழைய அம்பது" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தார்.