பதில்: பிசியோ வருவது நின்றுவிட்டது, என்ன செய்வது?

வணக்கம் சகோதரி. பெருமூளை வாதம் உள்ள உங்கள் ஒன்பது வயது மகளுக்கு, பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வீட்டுக்கே வந்துகொண்டிருந்த பிசியோ இப்போது வருவதில்லை, கேட்டால் "நிதி வரவில்லை" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது வெறும் சாக்கு இல்லை. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தின் 2024-25 நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. சிறப்பாசிரியர்கள், பிசியோக்களுக்கான பணமும் அந்தத் திட்டத்தில்தான். இரு அரசுகளின் சண்டையில் அடி விழுவது நம் பிள்ளைகளின் காலில்.

சரி, சண்டை முடியும்வரை காத்திருக்க முடியாது. இந்த வயதில் எலும்பு வேகமாக வளரும், கெண்டைக்கால் தசை ஈடுகொடுக்காது. குதிகால் தரையில் பதிகிறதா என்று அடிக்கடி பாருங்கள். பழைய பிசியோவின் போன் நம்பர் இருந்தால், நீட்டல் பயிற்சியை உங்கள் கையாலேயே செய்யவைத்து, சரிபார்த்து வீடியோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், பாவம், அவர்களுக்கே சம்பளம் இழுபறி.

அப்புறம், மாற்றுத்திறனாளிகளுக்குத் தெரபி உள்ளிட்ட சேவைகளை ஒரே இடத்தில் தரும் 'விழுதுகள்' மையம் உங்கள் பகுதியில் திறந்துவிட்டதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அது வேறு திட்டம், உலக வங்கிக் கடனில் நடப்பது. பெருமூளை வாதம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு எடுக்கவில்லையென்றால் உடனே எடுங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் ஓரளவு அடங்கும்.

வள மையத்தில் வாய்ப்பேச்சு வேண்டாம். எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போக நேர்ந்தால் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.